காசு வைக்காத சீட்டாட்டம்: வீட்டோடு கூடி ஆடும் "கழுதை"



சீட்டுக்கட்டு என்று சொன்னாலே நம் தோட்டங்களில் பல பெண்களுக்கு முகம் கறுத்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்தாம் தேதி சம்பளம் கைக்கு வந்ததும் லயத்துக் கோடியிலோ, கோயில் மடுவத்துக்குப் பின்னாலோ ஒரு சாக்கை விரித்து நாலு பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். இருட்டுவதற்குள் ஒருவர் சட்டைப்பை நிறைகிறது, மற்ற மூன்று வீட்டில் அடுப்புக் குளிர்கிறது. கடைக் கடன் நிற்கிறது. பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் காசில்லை. இதைப் பார்த்துப் பார்த்து வந்தவர்களுக்குச் சீட்டு என்றால் சூது, சூது என்றால் சீட்டு.

அப்படியிருக்க, நலன்புரிப் பத்திரிகையிலேயே சீட்டாடச் சொல்லித் தருகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைச் சொல்கிறோம். அதற்கு முன் நாம் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுவது நல்லது.

நாம் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் மாதர் சங்கத்தாரும் நாமும் சேர்ந்து, இனி இந்தத் தோட்டத்தில் சீட்டு விளையாடக் கூடாது என்று முடிவு செய்தோம். கூட்டம் போட்டோம். இளைஞர் கழகத்து அறையில் கிடந்த சீட்டுக்கட்டுகளை எல்லாம் வாங்கிப் பூட்டி வைத்தோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி ஆட்டம் ஆற்றோரத்துக்குப் போனது. லயத்துக்குப் பக்கத்தில் ஆடியபோதாவது பொஞ்சாதி பிள்ளை போய்க் கையைப் பிடித்து இழுத்து வர முடிந்தது. ஆற்றோரத்தில் யார் போவது? பதினொராம் தேதி காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில் ஒரு அக்கா நம்மை நிறுத்தினார். கையில் மடித்த படங்கு, கண் சிவந்திருந்தது.

"ஐயா, சீட்டப் பறிச்சி பொட்டியில வச்சிட்டீங்க. அந்த மனுசனுக்குக் கட வீதியில இன்னொரு கட்டு கெடைக்காதா? பறிக்கிறத விடுங்க. அந்திக்கு அவரு வீட்டுல உக்காந்து இருக்கிறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

நாம் பதில் சொல்லாமல் நின்றோம். நியாயமான கேள்வி. மலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு அந்தி நேரத்தில் போக என்ன இருக்கிறது? பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. ஒரு பக்கம் சமையல் புகை, ஒரு பக்கம் பிள்ளைகள் படிப்பு. இஸ்தோப்பில் உட்கார்ந்தால் மழைச் சாரல். அவர் வெளியே போகிறார். போகிற இடத்தில் இருப்பது சாராயமும் சூதும்.

பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. பாடசாலைகளை மூடினார்கள், ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். மலை வேலை நடந்தது. ஆனால் வேலை முடிந்தால் வெளியில் நடமாட்டம் இல்லை. பிள்ளைகளுக்கு ஃபோனில் பாடம் என்றார்கள். பல லயங்களில் சிக்னலே இல்லை. அப்போதுதான் அந்த அக்காவின் வீட்டு இஸ்தோப்பில் ஒரு காட்சியைக் கண்டோம. பாய் விரித்து அப்பா, இரண்டு பிள்ளைகள், பாட்டி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். நடுவில் ஒரு சதம் இல்லை. தோற்றவர் எழும்பிப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வர வேண்டும். அன்றைக்குத் தோற்றவர் அப்பாதான்.

அவர்கள் ஆடியது "கழுதை". 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரத்தை வெட்டிய நாட்களிலும் குப்பி லாம்பு வெளிச்சத்தில் அந்த வீட்டில் இந்த ஆட்டம் நடந்தது. அந்த மனிதர் காசு வைத்து ஆடுவதை அடியோடு விட்டுவிட்டார் என்று நாம் சொல்ல மாட்டோம். இன்னமும் சில பத்தாம் தேதிகளில் ஆற்றோரத்துக்குப் போகிறார். "முந்தி மாதிரி இல்லீங்க ஐயா, புள்ளைங்க தேடுதுன்னு வந்துருவாரு" என்கிறார் அக்கா. அது சிறிய காரியம் இல்லை.

ஆகவே இந்த முறை சீட்டைப் பறிக்காமல், அதை வீட்டுக்குள் கூட்டி வரும் வழியைச் சொல்கிறோம்.

ஏன் இந்த ஆட்டம்?

சீட்டில் எத்தனையோ விளையாட்டு உண்டு. நம் நாட்டில் எல்லா இனத்தாரும் விரும்பி ஆடுவது ஓமி. ஆனால் ஓமிக்கு நான்கு பேர் சரியாக வேண்டும், 32 சீட்டு மட்டும் எடுத்து, துரும்பு சொல்லி, இரண்டு கட்சியாக ஆட வேண்டும். முந்நூற்றி நாலு ஆட்டம் இன்னும் கடினம். ஒவ்வொரு சீட்டுக்கும் வேறு வேறு புள்ளி இருக்கிறது, கேள்வி கேட்டு ஆட வேண்டும். பெரியவர்களுக்கு நல்ல ஆட்டம்தான், எட்டு வயதுப் பிள்ளைக்குச் சரிவராது.

கழுதை அப்படி இல்லை. மூன்று பேரும் ஆடலாம், ஏழு பேரும் ஆடலாம். புள்ளி எழுதக் கொப்பி பேனா வேண்டாம். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் ஆடலாம், ஏனென்றால் சீட்டிலுள்ள பூவை எண்ணினால் போதும். பத்து நிமிடத்தில் படித்துக்கொள்ளலாம். இதில் வெல்பவர் என்று ஒருவர் இல்லை, கடைசியில் சீட்டோடு மாட்டிக்கொள்பவர்தான் கழுதை. அதனால் காசு வைத்து ஆடவும் இது அவ்வளவு தோதானது அல்ல. அதுவும் நமக்கு நல்லதே.

சீட்டுகளைத் தெரிந்துகொள்வோம்

ஒரு கட்டில் 52 சீட்டு இருக்கும். ஜோக்கர் இருந்தால் எடுத்து அப்புறம் வைத்துவிடுங்கள். 52 சீட்டும் நான்கு வகையாகப் பிரியும்.

இஸ்பேடு: கறுப்பு நிறம், கூரான இலை மாதிரி, கீழே காம்பு.
கிளாவர்: கறுப்பு நிறம், மூன்று உருண்டை இலை.
ஆர்ட்டின்: சிவப்பு நிறம், நெஞ்சு வடிவம்.
டைமன்: சிவப்பு நிறம், பட்டம் மாதிரிச் சாய்ந்த சதுரம்.

(கிளாவர், ஆர்ட்டின் என்பவை ஒல்லாந்தரின் பாஷையிலிருந்து வந்த சொற்கள். அவர்கள் போய் இருநூறு வருடத்துக்கு மேலாகியும் சொல் நம் வாயில் நிற்கிறது.)

ஒவ்வொரு வகையிலும் 13 சீட்டு. எல்லாவற்றிலும் பெரியது ஆஸ். அதற்கு அடுத்து ராஜா, ராணி, ஜாக்கி, பிறகு 10, 9, 8 என்று இறங்கி 2 வரை. இரண்டுதான் எல்லாவற்றிலும் சிறியது. ஆஸில் ஒரே ஒரு பூ இருப்பதைப் பார்த்து அது சிறியது என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு சீட்டுத் தொலைந்து போனால் கட்டை வீசிவிட வேண்டாம். ஜோக்கர் சீட்டில் தொலைந்த சீட்டின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம். முதுகுப் பக்கம் ஒரே மாதிரி இருப்பதால் யாருக்கும் தெரியாது.

விளையாடும் முறை

1. வட்டமாக உட்காருங்கள். ஒருவர் சீட்டைக் கலைக்க வேண்டும். அவருக்கு இடப்பக்கம் உள்ளவர் கட்டை இரண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் கலைத்தவர் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

2. வலக்கைப் பக்கமாக ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சீட்டாகப் போட்டு, 52 சீட்டையும் முழுதாகப் பங்கிட வேண்டும். நான்கு பேர் என்றால் ஆளுக்கு 13. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 10 போக 2 மிஞ்சும். இரண்டு பேருக்கு 11 வரும். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 8 போக 4 மிஞ்சும். நான்கு பேருக்கு 9 வரும். ஒரு சீட்டு கூடக் குறையப் போவதால் பெரிய நட்டம் இல்லை, அடுத்த ஆட்டத்தில் வேறொருவருக்குப் போகும்.

3. அவரவர் சீட்டை அவரவர் பார்த்து, வகை வகையாகப் பிரித்துக் கையில் விசிறி மாதிரிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சீட்டை எட்டிப் பார்ப்பது கூடாது.

4. இஸ்பேடு ஆஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் அதை நடுவில் வைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்.

5. வலப்பக்கமாக ஒவ்வொருவரும் அதே வகைச் சீட்டு ஒன்றை வைக்க வேண்டும். இஸ்பேடு இறங்கினால் எல்லாரும் இஸ்பேடு. டைமன் இறங்கினால் எல்லாரும் டைமன். பெரியதும் வைக்கலாம், சிறியதும் வைக்கலாம், அது அவரவர் விருப்பம்.

6. எல்லாரும் அதே வகையை வைத்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. அந்தச் சீட்டுகளைக் கவிழ்த்து ஒரு பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். அவை இனி ஆட்டத்தில் வராது. அந்தச் சுற்றில் பெரிய சீட்டு வைத்தவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். அவர் தனக்குப் பிடித்த எந்த வகையையும் இறக்கலாம்.

7. இறங்கிய வகை ஒருவரிடம் இல்லாவிட்டால் அவர் வேறு வகைச் சீட்டு ஏதாவது ஒன்றைப் போடுவார். இதற்குப் பெயர் "வெட்டு". வெட்டு விழுந்ததும் சுற்று அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவருக்குப் பிறகு உள்ளவர்கள் சீட்டு வைக்கத் தேவையில்லை. அந்தச் சுற்றில் இறங்கிய வகையில் பெரிய சீட்டு வைத்தவர் நடுவில் உள்ள அத்தனை சீட்டையும், வெட்டிய சீட்டையும் சேர்த்து, தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சுற்றை அவரே தொடங்குவார்.

8. முதல் சுற்றுக்கு மட்டும் இந்த வெட்டுக் கிடையாது. இஸ்பேடு இல்லாதவர் வேறு எதையும் போடலாம், மற்றவர்கள் தொடர்ந்து வைப்பார்கள், எல்லாம் ஒதுக்கப்படும். இஸ்பேடு ஆஸ் வைத்தே தீர வேண்டியவர் தலையில் தொடக்கத்திலேயே சுமை ஏறக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

9. கையில் சீட்டு முடிந்தவர் தப்பிவிட்டார். கடைசி வரை சீட்டோடு இருப்பவர் கழுதை. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துப் போடுவது அவர் வேலை.

ஒரு ஆட்டத்தைப் பார்ப்போம்

பாட்டி, அவருக்கு வலப்பக்கம் அப்பா, அடுத்து அம்மா, அடுத்து மகள் என்று நால்வர் ஆடுகிறார்கள். ஆளுக்கு 13 சீட்டு.

பாட்டியிடம் இஸ்பேடு ஆஸ். அதை வைக்கிறார். அப்பா இஸ்பேடு ராஜா, அம்மா இஸ்பேடு ராணி, மகள் இஸ்பேடு ஜாக்கி வைக்கிறார்கள். நான்கு சீட்டும் ஒதுக்கப்பட்டன. இப்போது ஆளுக்கு 12. ஆஸ் பெரியது என்பதால் பாட்டியே மறுபடி தொடங்குகிறார்.

பாட்டி ஆர்ட்டின் 10 வைக்கிறார். அப்பா ஆர்ட்டின் ராஜாவை வைக்கிறார். அம்மா ஆர்ட்டின் 4 வைக்கிறார். மகளிடம் ஆர்ட்டின் ஒன்றும் இல்லை. அவள் டைமன் ஆஸைப் போட்டு வெட்டுகிறாள். ஆர்ட்டினில் பெரியது அப்பாவின் ராஜா. ஆகவே நான்கு சீட்டும் அப்பா கைக்குப் போகின்றன. அவரிடம் 11 இருந்தது, இப்போது 15. மற்ற மூவரிடமும் 11. டைமன் ஆஸ் டைமனில் பெரியதுதான், ஆனால் இறங்கிய வகை ஆர்ட்டின் என்பதால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது அப்பா தொடங்க வேண்டும். கிளாவர் 7 வைக்கிறார். அடுத்து இருக்கும் அம்மாவிடம் கிளாவர் இல்லை. இஸ்பேடு 9 போட்டு வெட்டுகிறார். மகளும் பாட்டியும் சீட்டு வைக்கவில்லை, சுற்று நின்றுவிட்டது. நடுவில் உள்ள கிளாவர் ஒன்றே ஒன்று, அது அப்பா வைத்ததே. ஆகவே இரண்டையும் அப்பாதான் எடுக்க வேண்டும். 15-இல் ஒன்று போய் இரண்டு வந்து 16 ஆகிவிட்டது. "என்னா இது, வச்சதே திரும்பி வருது" என்று அவர் தலையைச் சொறிவார். பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்காது. அந்தச் சிரிப்புக்காகவே இதை ஆடலாம்.

தப்புவதற்கு வழி

இது அதிருஷ்டம் மட்டும் இல்லை. கணக்கும் ஞாபகமும் வேண்டும்.

முதலாவது, பெரிய சீட்டுகளை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு வகை முதல் தடவை இறங்கும்போது அநேகமாக எல்லாரிடமும் அந்த வகை இருக்கும், வெட்டு விழாது. அப்போது ஆஸையும் ராஜாவையும் பயமில்லாமல் வைக்கலாம். பின்னாலே பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் பின்னாலே சுமைதான்.

இரண்டாவது, எண்ணிக்கொண்டே இருங்கள். ஒரு வகையில் 13 சீட்டு. நான்கு பேர் ஆடும்போது ஒரு சுற்றுக்கு 4 போகும். முதல் சுற்றில் 4, இரண்டாம் சுற்றில் 8, மூன்றாம் சுற்றில் 12. நால்வரும் ஆட்டத்தில் இருக்கும் வரை, ஒரு வகையில் மூன்று சுற்றுக்கு மேல் வெட்டு இல்லாமல் போகவே முடியாது. இரண்டு சுற்று ஒதுங்கிவிட்டால் மிச்சம் 5 சீட்டு. அது நால்வரிடமும் பரந்து இருப்பது அபூர்வம். ஆகவே மூன்றாம் சுற்றிலிருந்து பெரிய சீட்டு வைப்பது ஆபத்து. ஆறு பேர் ஆடினால் இரண்டு சுற்றிலேயே 12 போய்விடும். அப்போது இரண்டாம் சுற்றிலிருந்தே கவனம் வேண்டும்.

மூன்றாவது, யார் எந்த வகையில் வெட்டினார் என்பதை ஞாபகம் வைத்திருங்கள். மகள் ஆர்ட்டினில் வெட்டினாள் என்றால் அவளிடம் ஆர்ட்டின் இல்லை. இனி ஆர்ட்டின் இறங்கினால் திரும்பவும் வெட்டு விழும். அந்த நேரம் சிறிய ஆர்ட்டின் வைப்பவர் தப்புவார், பெரியது வைப்பவர் சுமப்பார்.

நான்காவது, வெட்டுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் உங்களுக்குக் கடைசியில் இருந்தால், நீங்கள் 2 வைத்தால் நடுவில் உள்ள யாராவது அதற்கு மேல் வைப்பார்கள், சுமை அவர்களுக்குப் போகும். அவர் உங்களுக்கு அடுத்தபடியாக வலப்பக்கத்திலேயே இருந்தால் நீங்கள் வைத்த 2 ஆனாலும் உங்களிடமே திரும்பும். மேலே அப்பாவுக்கு நேர்ந்தது அதுதான்.

ஐந்தாவது, வெட்டும் வாய்ப்புக் கிடைத்தால் கையில் உள்ள பாரமான சீட்டைத் தள்ளிவிடுங்கள். ஆனால் அது யார் கைக்குப் போகிறது என்பதையும் மறக்காதீர்கள். அதே சீட்டு ஆட்டத்தில் மறுபடி வரும்.

ஆறாவது, சிறிய சீட்டுகளைக் கடைசிக்குச் சேமித்து வையுங்கள். கடைசி நேரத்தில் ஒரு இரண்டும் மூன்றும் கையில் இருப்பவருக்குக் கவலை இல்லை.

கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கும் ஒரு பாட்டி இந்த ஆட்டத்தில் எல்லாரையும் மடக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். எப்படிப் பாட்டி இத்தனையும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். "கொழுந்து நிறுக்கையில மூணு வேள கிலோவையும் மனசுலதான் வச்சிருந்தேன். அந்திக்கு அவங்க எழுதினது கொறைஞ்சா கேக்கணுமில்ல? எழுதவா தெரியும் எனக்கு?" என்றார். மனக்கணக்கு அவருக்கு விளையாட்டாக வந்ததில்லை, சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்ள வந்தது. இப்போது அதைப் பேத்திக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளைகள் 52-ஐ ஐந்தால் பிரிப்பதும், 13-இலிருந்து 8-ஐக் கழிப்பதும் கணக்கு என்று தெரியாமலே கணக்குப் படிப்பார்கள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

கையில் அந்த வகை இருந்தும் இல்லை என்று வெட்டினால்?
அது கள்ள ஆட்டம். கண்டுபிடித்தால் அந்தச் சுற்றின் சீட்டு எல்லாவற்றையும் வெட்டியவரே எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தால் ஒரு தடவை மன்னித்து, சீட்டைத் திருப்பிக் கொடுத்துச் சரியானதை வைக்கச் சொல்லுங்கள்.

கடைசிச் சீட்டை வைத்ததும் தப்பியாயிற்றா?
இல்லை. சுற்று முடியும் வரை இருக்க வேண்டும். உங்கள் கடைசிச் சீட்டே பெரியதாக இருந்து, பின்னால் ஒருவர் வெட்டினால், எல்லாம் உங்கள் கைக்கு வந்து நீங்கள் மறுபடி ஆட்டத்தில் இருப்பீர்கள். பாயை விட்டு எழும்ப அவசரப்பட வேண்டாம்.

கடைசிச் சீட்டே பெரியதாக இருந்து, வெட்டு விழாமல் சுற்று முடிந்தால் அடுத்து யார் தொடங்குவது?
அவர் தப்பிவிட்டார். அவருக்கு வலப்பக்கமாக, கையில் சீட்டு உள்ள அடுத்த ஆள் தொடங்கலாம்.

கடைசி இருவரும் ஒரே சுற்றில் சீட்டை முடித்துவிட்டால்?
அந்த ஆட்டத்தில் கழுதை இல்லை. எல்லாருக்கும் சந்தோஷம். முதலில் கலைத்தவரே மறுபடி கலைக்கட்டும்.

ஒரு ஆட்டம் முடிவே இல்லாமல் இழுத்தால்?
இருவர் மட்டும் மிஞ்சி, சீட்டு கை மாறிக்கொண்டே இருக்கும் நேரம் உண்டு. பிள்ளைகள் தூங்க வேண்டுமென்றால், கூட சீட்டு வைத்திருப்பவர்தான் கழுதை என்று முடித்துக்கொள்ளுங்கள்.

இதை வேறு மாதிரி ஆடுகிறார்களே?
ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். எப்படி ஆடினாலும் பரவாயில்லை. சீட்டுப் போடும் முன் எல்லாரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும், நடுவில் சட்டத்தை மாற்றக் கூடாது.

வீட்டு ஒழுங்கு

இந்த ஆட்டம் நல்லதாக இருப்பதும் கெட்டதாகப் போவதும் நம் கையில்தான். ஆகவே சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறோம்.

காசு வேண்டாம். ஐந்து ரூபாவும் வேண்டாம். டொபி, பீடி, வெற்றிலை என்று பந்தயம் வைப்பதும் வேண்டாம். பிள்ளைகள் டொபியில் பழகினால் பெரியவர்களாகிக் காசில் ஆடுவார்கள். தோற்றவருக்கு ஒரு வேலை கொடுங்கள், அது போதும். தேத்தண்ணி ஊற்றுவது, கோப்பை கழுவுவது, குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டு வருவது. இதில் அப்பாவுக்குத் தனிச் சலுகை கிடையாது.

அம்மாவை அடுப்படியில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஆடுவது சரியில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மலை ஏறி இறங்கி வந்தவர் அவர். எல்லாரும் கைகொடுத்தால் சமையல் சீக்கிரம் முடியும், ஆட்டத்துக்கு ஒரு ஆளும் கூடும்.

குடித்துவிட்டு வந்தவரைச் சேர்க்காதீர்கள். அவரோடு சண்டைக்கும் போகாதீர்கள். சீட்டைக் கட்டி வைத்துவிட்டு, நாளைக்கு ஆடலாம் என்று சொல்லுங்கள்.

நேரம் வையுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வீட்டுப் பாடம் முடிந்த பின் மூன்று ஆட்டம் போதும். சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்தால் சத்தத்தைக் குறையுங்கள். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

கடைசியாக ஒன்று. தோற்றவரை அந்த ஆட்டத்தில் மட்டும் "கழுதை" என்று சொல்லிச் சிரியுங்கள். சீட்டைக் கட்டியதும் அந்தச் சொல்லையும் கட்டிவிடுங்கள். ஒரு வீட்டில், படிப்புக் கொஞ்சம் மெதுவாக வருகிற பையன் இரண்டு தடவை தோற்றதும் எழும்பிப் போய்விட்டான். ஏன் என்று கேட்டபோது, "வீட்டுலயும் அதே பேருதான், பள்ளிக்கூடத்துலயும் அதே பேருதான், இங்கயுமா?" என்றான். அவன் அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தச் சீட்டை எப்போது விடுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இப்போது அந்த வீட்டில் தோற்றவருக்குப் பெயர் "தேத்தண்ணிக்காரர்". உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களும் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பெயர் மாறினாலும் ஆட்டத்தின் ருசி குறையாது.

ஒரு சீட்டுக்கட்டால் சூதையும் குடியையும் ஒழித்துவிட முடியும் என்று நாம் நினைக்கவில்லை. அந்த அக்கா நம்மிடம் கேட்டது அந்தியில் ஒரு மனிதர் தன் வீட்டில் உட்கார்ந்திருக்க ஒரு வழி. அதற்கு இது ஒரு சின்ன வழி. வருகிற பத்தாம் தேதி அந்திக்குப் பாயை விரித்துப் பாருங்கள். அப்பா வந்து உட்காரும் வரை அவருக்கும் சேர்த்துச் சீட்டைப் போட்டு வையுங்கள்.